பத்துப் பவுண்டு வசவு

ஆங்கிலம் வளர்ந்த கதை – 17

சென்ற பகுதியில் வில்லியம் காக்ஸ்டனின் அச்சுக்கூடம் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு எப்படி ஒரு வடிவம் கொடுத்தது என்று பார்த்தோம். அச்சுக்கு எளிதில் அடங்காத ஒரு கூட்டம் எந்த மொழியிலும் உண்டு. நாற்றம் மூக்கில் ஏறும்போது, பொய்யைக் கேட்டு எரிச்சல் வரும்போது, ஆகாதவன் எதிரே வந்து நிற்கும்போது, யோசிக்காமல் வாயிலிருந்து தெறிக்கும் சொற்கள் அவை. நாம் சீ என்கிறோம், தூ என்கிறோம், சை என்கிறோம். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் ‘ஃபை’ என்றார்கள். ‘டஷ்’, ‘பிஷ்’, ‘ப்ஷா’, ‘ஃபோ’ என்றார்கள். ‘ஸவுண்ட்ஸ்’, ‘கேட்ஸூக்ஸ்’ என்றார்கள். பிறகு ‘ஃபிடில்ஸ்டிக்ஸ்’, ‘ஹம்பக்’ என்றார்கள். இன்று இவை பழைய நாடகங்களிலும் நாவல்களிலும்தான் பெரும்பாலும் வாழ்கின்றன. கேட்டால் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே சிரிப்பு வருகிறது.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய சொற்கள் அல்ல இவை. இவற்றில் பலவற்றின் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, ஓர் அபராதம் இருக்கிறது, ஒரு பயம் இருக்கிறது. அருவருப்பு எல்லோருக்கும் வரும். அதை யார், எங்கே, எந்தச் சொல்லால் வெளியே விடலாம் என்பதை அதிகாரம் முடிவு செய்ய முயன்றது. முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் நடந்த அந்த முயற்சியின் கதை இது.

சிதைக்கப்பட்ட திருமேனி

இந்தச் சொற்களில் இரண்டு குலங்கள் உண்டு. முதலாவது, வெறும் ஓசையாகப் பிறந்தது. ஃபை, பிஷ், டஷ், ஃபோ எல்லாம் அந்தக் குலம். உதட்டைக் குவித்தோ பல்லுக்கு இடையிலோ காற்றைத் தள்ளினால் இவை தாமாக வந்துவிடும்.

இரண்டாவது குலம், கடவுள் மேல் இட்ட ஆணையிலிருந்து பிறந்தது. ‘கடவுளின் காயங்கள் மேல் ஆணை’ என்பது தேய்ந்து ‘ஸவுண்ட்ஸ்’ ஆயிற்று. ‘கடவுளின் இரத்தம்’ தேய்ந்து ‘ஸ்பிளட்’ ஆயிற்று. ‘கடவுளின் ஒளி’ தேய்ந்து ‘ஸ்லைட்’. ‘கேட்ஸூக்ஸ்’ என்பதைக் கடவுளின் கொக்கிகள், அதாவது சிலுவையில் அறைந்த ஆணிகள் என்று விளக்குவார்கள். காயமும் இரத்தமும் ஆணியும் சிலுவையில் தொங்கிய இயேசுவினுடையவை.

மத்திய கால இங்கிலாந்தின் பாதிரிமார்கள் இதை உடல் நடுங்கச் சொன்னார்கள். கிறிஸ்துவின் அங்கங்களைச் சொல்லி ஆணையிடுகிறவன் ஒவ்வொரு முறையும் அந்தத் திருமேனியை மறுபடி கிழிக்கிறான் என்பது அவர்கள் போதனை. படிக்கத் தெரியாத மக்களுக்கு அதைச் சுவரில் வரைந்து காட்டினார்கள். பக்கிங்காம்ஷயரில் பிராட்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் அப்படி ஒரு சுவரோவியம் இன்றும் இருக்கிறது. நடுவில் மரியாள், மடியில் இறந்த மகன். சுற்றிலும் நாகரிகமாக உடுத்திய இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்களின் கைகளில் அந்த உடலின் துண்டுகள். லிங்கன்ஷயரின் கார்பி கிளென் தேவாலயத்திலும் இதே எச்சரிக்கை சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது. வாய் தவறி வந்த ஒரு சொல், அந்தக் காலத்து மனிதருக்கு ஒரு கொலைக்குச் சமமாகக் காட்டப்பட்டது.

அப்படியும் ஆணைகள் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமல்ல, அவை பெரிய இடத்தின் அடையாளமும் ஆயின. முதலாம் எலிசபெத் ராணிக்குக் கோபம் வந்தால் ‘கடவுளின் மரணம்’ என்று ஆணையிடுவார் என்பார்கள். 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர் என்ற பிரபு தன் மனைவி கேட்டைக் கடிந்துகொள்கிறான். அவள் செய்த குற்றம், மெல்லிய ஓர் ஆணையைச் சொன்னது. மிட்டாய்க்காரன் பெண்டாட்டி மாதிரி ஆணையிடுகிறாயே, சீமாட்டியாகப் பிறந்தவள் வாய் நிறைய ஆணையிட வேண்டாமா என்பது அவன் கேள்வி. வியாபாரி வீட்டில் அடக்கமான சொல், அரண்மனையில் கனமான சொல் என்பது அன்றைய கணக்கு.

1606: மேடைக்குப் பூட்டு

1605 நவம்பரில் பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் பிடிபட்டார்கள். அந்தப் பாராளுமன்றத்தின் அதே கூட்டத்தொடர் 1606 மே மாதம் முடியும்போது, நாடகக்காரர்களுக்கு எதிராக ஒரு சட்டம் பிறந்திருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலம். கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, திரித்துவம் ஆகிய பெயர்களை மேடையில் விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 10 பவுண்டு அபராதம். அதில் பாதி மன்னருக்கு, மீதிப் பாதி வழக்குத் தொடுக்கிறவருக்கு.

அந்தத் தொகையின் கனத்தைப் பார்க்க வேண்டும். 10 பவுண்டு என்றால் 2,400 பென்னி. குளோப் நாடக அரங்கில் நின்று பார்க்க ஒரு பென்னி கட்டணம். ஒரே ஒரு சொல்லுக்கு, தரையில் நின்று பார்க்கும் 2,400 பேர் கொடுத்த காசு போய்விடும். வழக்குப் போடுகிறவருக்கு 5 பவுண்டு கிடைக்கும் என்பதால், கூட்டத்தில் நிற்கும் எவனும் காதைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நடிகனின் நாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு காவலாளை நிறுத்தியது போன்ற ஏற்பாடு இது.

சட்டம் மேடைப் பேச்சுக்கு மட்டும்தான். அச்சிட்ட புத்தகத்தை அது தொடவில்லை. ஆனாலும் அச்சிலும் அதன் நிழல் விழுந்தது. ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் இரண்டு பழைய பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஒன்று 1622-இல் வந்த சிறிய குவார்ட்டோ பதிப்பு. மற்றொன்று 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரட்டி வெளியிட்ட பெரிய ஃபோலியோ பதிப்பு. இடையில் ஓர் ஆண்டுதான்.

குவார்ட்டோவில் நாடகம் தொடங்கியதும் ரோடரிகோ சொல்லும் முதல் சொல்லே ‘டஷ்’. போதும் நிறுத்து, என்னிடம் கதை விடாதே என்ற சலிப்பு அதில் இருக்கிறது. அதற்கு இயாகோ வாய் திறந்து சொல்லும் முதல் சொல் ‘ஸ்பிளட்’. இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பது இந்த இரண்டு சொற்களிலேயே விளங்கிவிடும். ஒருவன் முகம் சுளிப்பவன், மற்றவன் இரத்தத்தின் மேல் ஆணையிடுபவன். ஃபோலியோவை எடுத்தால் இரண்டு சொற்களும் இல்லை. வசனம் வெறுமனே தொடங்குகிறது. இப்படி நாடகம் முழுவதும் 50-க்கும் மேற்பட்ட ஆணைகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கின்றன. ஃபோலியோவின் மற்ற நாடகங்களிலும் ‘கடவுள்’ இருந்த பல இடங்களில் ‘வானகம்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சிய நாடகக் குழு மாற்றியதா, படியெடுத்த எழுத்தரின் கைவண்ணமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு.

என் மனத்தை அதிகம் தைப்பது இயாகோ இழந்த ஆணை அல்ல, ரோடரிகோ இழந்த ‘டஷ்’. இரத்தத்தின் மேல் ஆணையிட்டதை வெட்டியதற்குக் காரணம் புரிகிறது. ‘டஷ்’ என்பதில் கடவுளும் இல்லை, கிறிஸ்துவும் இல்லை. வெறும் காற்று அது. மைல்ஸ் கவர்டேல் 1535-இல் பைபிளை ஆங்கிலத்தில் தந்தபோது சங்கீதங்களிலேயே அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கடவுள் எங்கே பார்க்கப்போகிறார் என்று துன்மார்க்கர் அலட்சியமாகப் பேசும் இடத்தில் அதை வைத்தார். அவருடைய சங்கீதங்கள்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப நூலுக்குள் போயின. மாதம் ஒரு முறை சங்கீதங்கள் முழுவதையும் படித்து முடிப்பது அந்த நூலின் ஒழுங்கு. ஆக, தேவாலயத்தில் மாதந்தோறும் ஒலித்த சொல், நாடகத்தின் முதல் வரியில் நிற்க இடமில்லாமல் போயிற்று. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளும் அதைக் கைவிட்டிருந்தது. சட்டம் கேட்டதற்கு மேல் வெட்டும் கை எப்போதும் ஒன்று இருக்கும். பயத்தின் வேலையே அதுதான்.

மன்னரும் அதிகாரியும்

அடுத்த காட்சி 1634 ஜனவரி, வைட்ஹால் அரண்மனை. அரியணையில் முதலாம் சார்லஸ். நாடகங்களைப் படித்து அனுமதி வழங்கும் பொறுப்பு சர் ஹென்றி ஹெர்பர்ட்டிடம் இருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில்தான் ஜான் ஃபிளெட்சரின் பழைய நாடகம் ஒன்றை அவர் நிறுத்தி வைத்திருந்தார். வில்லியம் டேவனன்ட் எழுதிய ‘தி விட்ஸ்’ என்ற புதிய நாடகம் இப்போது அவர் கைக்கு வந்தது. ஹெர்பர்ட் பேனாவை எடுத்து ஆணைகளையெல்லாம் அடித்துத் தள்ளினார். டேவனன்டின் நண்பர் எண்டிமியன் போர்ட்டர் நாடகப் படியை நேராக மன்னரிடமே கொண்டுபோய்விட்டார்.

ஒரு நாட்டின் மன்னர் ஹெர்பர்ட்டைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அடித்த சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ‘ஃபெய்த்’, ‘டெத்’, ‘ஸ்லைட்’ ஆகியவை ஆணைகள் அல்ல, பேச்சை அழுத்திச் சொல்ல உதவும் சொற்கள்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஹெர்பர்ட் பணிந்தார். ஆனால் தன் அலுவலகக் குறிப்பேட்டில், எஜமானரின் தீர்ப்புக்கு அடங்குகிறேன், என் மனத்தளவில் இவை ஆணைகளே என்ற பொருளில் எழுதி வைத்தார். மன்னருக்குக் கீழ்ப்படிந்தும் தன் கருத்தை விட்டுக்கொடுக்காத அந்தக் குறிப்பு நமக்குப் பெரிய சொத்து. ‘ஸ்லைட்’ என்ற சொல்லுக்குள் கடவுள் இன்னும் இருக்கிறாரா, தேய்ந்து காணாமல் போய்விட்டாரா என்பதே அங்கே வழக்கு. பேசுகிறவர் வாயில் ஒரு சொல் எந்த நாளில் தன் பழைய பொருளை இழக்கிறது என்று எந்தச் சட்டத்தாலும் சொல்ல முடிவதில்லை. 1634-இல் மன்னரும் அதிகாரியும் அதில் உடன்பட முடியவில்லை.

நாக்குக்கும் அந்தஸ்து

மேடைக்கு வந்த சட்டம் விரைவில் தெருவுக்கும் வந்தது. 1623-ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரண மனிதன் இட்ட ஒவ்வோர் ஆணைக்கும் 12 பென்னி விதித்தது. அந்தப் பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும். கட்ட முடியாதவனைத் தொழுமரத்தில் மூன்று மணி நேரம் மாட்டி வைத்தார்கள். பிறகு சார்லஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், பாராளுமன்றத்தின் பக்கம் நின்ற கிராம்வெல்லின் படைவீரர்களும் ஆணையிட்டால் 12 பென்னி கட்டினார்கள் என்று அன்றைய செய்தித்தாள் பெருமையாக எழுதியது.

சார்லஸின் தலை வீழ்ந்து குடியரசு வந்த பிறகு, 1650-இல் அபராதம் அந்தஸ்துப்படி பிரிக்கப்பட்டது. பிரபுவுக்கு 30 ஷில்லிங், சர் பட்டம் பெற்றவருக்கு 20, அதற்கும் கீழே எஸ்குவயருக்கு 10, கனவானுக்கு 6 ஷில்லிங் 8 பென்னி, மற்ற எல்லோருக்கும் 3 ஷில்லிங் 4 பென்னி. பார்க்க நியாயமாகத் தெரியும். பெரியவன் அதிகம் கட்டுகிறான், சிறியவன் குறைவாகக் கட்டுகிறான். ஆனால் கூலிக்காரனுக்கு அந்த 3 ஷில்லிங் 4 பென்னி சில நாள் கூலி. நிலமும் வாடகையும் உள்ள பிரபுவுக்கு 30 ஷில்லிங் ஒரு மாலைச் சூதாட்டத்தில் போகிற பணம்.

1745-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மூன்று படியாக்கியது. கூலியாள், சிப்பாய், மாலுமிக்கு ஒரு ஷில்லிங். கனவானுக்குக் கீழ்ப்பட்ட மற்றவர்களுக்கு 2 ஷில்லிங். கனவானுக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் 5 ஷில்லிங். இரண்டாம் முறை இரு மடங்கு, அதற்கு மேல் மும்மடங்கு. ஆண்டுக்கு நான்கு முறை தேவாலயத்தில் வழிபாட்டுக்குப் பின் இந்தச் சட்டத்தைப் பாதிரியார் படிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். காசு இருந்தவன் கட்டிவிட்டுப் போனான். இல்லாதவன் உடலால் கட்டினான். ஒரே சொல்லுக்கு ஒருவனுக்குப் பணப்பையிலும் இன்னொருவனுக்கு முதுகிலும் தண்டனை என்றால், அது சொல்லுக்கான தண்டனை அல்ல, ஏழ்மைக்கான தண்டனை. இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத அநீதி இது.

பொருள் போன பின்

இவ்வளவு அழுத்தத்துக்கும் மக்களின் வாய் என்ன பதில் சொன்னது? பழைய சொல்லை மென்று உருமாற்றியது, அல்லது கடவுளுக்குச் சம்பந்தமே இல்லாத புதிய சொல்லைக் கண்டுபிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு அந்தக் கண்டுபிடிப்புகளின் காலம்.

ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1766-இல் வெளியிட்ட ‘தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ நாவலில் ஒரு காட்சி. லண்டனிலிருந்து வந்த சீமாட்டிகள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெண்கள் பாதிரியார் வீட்டாரிடம் பெருமை அளக்கிறார்கள். நெருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் குடும்ப நண்பர் பர்ச்செல் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் ‘ஃபட்ஜ்’, அதாவது வெறும் பிதற்றல், என்கிறார். வேறு எதுவும் பேசவில்லை. வீட்டார் எரிச்சலடைகிறார்கள். அந்தப் பெண்கள் போலிகள் என்பது அந்த அறையில் அவருக்கு மட்டுமே தெரியும் என்பது பிறகுதான் விளங்குகிறது. ஆணை இல்லை, வசவு இல்லை, அபராதத்துக்கு வழியும் இல்லை. அந்த ஒற்றைச் சொல் ஒரு முழு விசாரணையை நடத்தி முடித்துவிடுகிறது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1775 ஜனவரியில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ மேடையேறியது. அதில் பாப் ஏக்கர்ஸ் என்ற நாட்டுப்புறக் கனவான் புது நாகரிகத்தில் ஆணையிடுகிறான். குதிரைவண்டிப் பயணம் பற்றிப் பேசினால் சாட்டையின் மேலும் சக்கரத்தின் மேலும் ஆணை. துப்பாக்கி பற்றிப் பேசினால் விசையின் மேலும் சக்கிமுக்கியின் மேலும் ஆணை. பழைய ஆணைகளுக்கு அர்த்தம் எதுவும் இல்லை, பழமை ஒன்றே அவற்றுக்கு மதிப்பு, பேசும் விஷயத்துக்கு ஏற்ப ஆணை அமைய வேண்டும் என்பது அவன் வாதம். பிராட்டன் சுவரில் கிழிந்த உடலாகத் தொடங்கிய ஆணை, இங்கே சக்கரத்தில் வந்து நிற்கிறது. அச்சம் முழுவதுமாக வடிந்துவிட்டது.

ஆனால் வெட்டும் கை ஓயவில்லை. 1807-இல் ஹென்ரியட்டா மரியா பௌட்லர் என்ற பெண்மணி, குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க ஏற்றபடி ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைச் சுத்தப்படுத்திப் பெயர் போடாமல் வெளியிட்டார். 1818-இல் அவருடைய தம்பி தாமஸ் பௌட்லர் அதை 10 தொகுதிகளாக விரித்தார். முன்பு அபராதம் செய்த வேலையை இப்போது குடும்ப மானம் செய்தது. அந்தச் சூழலில்தான் 1843 டிசம்பரில் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ வந்தது. வறண்ட மனம் படைத்த ஸ்குரூஜ் கிறிஸ்துமஸ் வாழ்த்தை ‘பா! ஹம்பக்!’ என்று தள்ளுகிறான். ‘பா’ முதல் குலத்து ஓசை. ‘ஹம்பக்’ ஏமாற்று வேலை என்ற பொருளில் 1750-களில் புழக்கத்துக்கு வந்த வழக்குச் சொல். ஊரே கொண்டாடும் திருநாளை ஒருவன் வெறுக்கிறான் என்பதைக் கடவுள் பெயரைத் தொடாமல், பிள்ளைகள் கேட்கும்படியாகவே டிக்கன்ஸ் சொல்லிவிட்டார். முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் சில நாளில் விற்றுத் தீர்ந்தன.

ஓசையின் மூலம்

இந்தக் கட்டத்தில் அறிஞர்களும் இந்தச் சின்னச் சொற்களிடம் வந்து சேர்ந்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியில் ‘பிஷ்’ஷுக்கு மூலம் தெரியவில்லை, தற்செயலாக உருவானதாக இருக்கலாம் என்று விட்டிருந்தார். நூறாண்டு கழித்து ஹென்ஸ்லி வெட்ஜ்வுட் என்ற சொல்லாய்வாளர், மொழி பிறந்ததே இப்படிப்பட்ட ஓசைகளிலிருந்துதான் என்று வாதாடினார். 1861-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றிய மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் அத்தகைய கொள்கைக்குப் ‘பூ-பூ’ என்று கேலிப் பெயர் வைத்தார். உணர்ச்சிக் கூச்சல் முடிகிற இடத்தில்தான் மொழி தொடங்குகிறது என்பது அவர் கட்சி.

வெட்ஜ்வுட், சார்லஸ் டார்வினின் மனைவியுடைய அண்ணன். டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதிய நூலில் இந்த ஓசைகளை உடலோடு சேர்த்து விளக்கினார். அருவருப்பு முதலில் வாயின் சங்கதி. கெட்டதை வாயில் வைத்தவன் அதை வெளியே தள்ளுகிறான்; உதடு நீள்கிறது, மூச்சு ஊதுகிறது, தொண்டை கனைக்கிறது. அந்த அசைவுகளின் ஓசையே பூ, பிஷ், அக் என்று சொல்லாகிறது. தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள டியெரா டெல் ஃபூகோவில் தாம் உண்டுகொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியை அந்நிலத்து மனிதர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் கொழகொழப்பில் அருவருத்ததை அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தொட்டுவிட்டாரே என்று தமக்கும் அருவருப்பு வந்தது, அவர் கை அழுக்காக இல்லாதபோதும் என்று அதே இடத்தில் பதிவு செய்திருக்கிறார். ஒரே துண்டு இறைச்சியின் இரு பக்கமும் இரண்டு முகச்சுளிப்பு. ஓசை உடலிலிருந்து வருகிறது. எதைக் கண்டு அது வர வேண்டும் என்பதைச் சமூகம் கற்பிக்கிறது.

எஞ்சிய பாடம்

1914 ஏப்ரலில் லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில், பூ விற்ற பெண்ணாக நடித்த திருமதி பேட்ரிக் கேம்பல் ‘பிளடி’ என்ற சொல்லைச் சொன்னார். தணிக்கை அதை அனுமதித்திருந்தது. அரங்கம் அதிர்ந்து சிரித்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் வாயிலிருந்து நம் ஊருக்கும் வந்து, தமிழ்ப் படங்களில் கோட்டு சூட்டு அணிந்த அப்பாமார்களின் வாயில் ஒட்டிக்கொண்ட அதே சொல்தான். 1745-ஆம் ஆண்டு ஆணைச் சட்டம் 1967-இல் நீக்கப்பட்டது. மறு ஆண்டு, 1968-இல், மேடைத் தணிக்கையும் முடிவுக்கு வந்தது.

அத்தனை சட்டங்களும் சேர்ந்து ஒருவருடைய அருவருப்பையும் குறைக்கவில்லை. அவை சாதித்தது வேறு. மக்கள் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கான சான்றுகளை அழித்தன. 1622-இன் அந்தச் சிறிய பதிப்பு அச்சாகாமல் போயிருந்தால், ரோடரிகோ ‘டஷ்’ என்று முகம் சுளித்ததும் இயாகோ ‘ஸ்பிளட்’ என்று சீறியதும் நமக்குத் தெரிந்தே இருக்காது. ஃபோலியோவில் மட்டுமே தப்பிப் பிழைத்த நாடகங்கள் பாதிக்குப் பாதி உண்டு. அவற்றில் எத்தனை வாய்கள் கழுவப்பட்டன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி கிடையாது.

அதனால் பேச்சை எழுத்தாக்கும் எவருக்கும், அகராதி தொகுப்பவர், நாட்டார் கதை சேகரிப்பவர், நீதிமன்றச் சாட்சியம் எழுதுபவர், பாட்டியின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பேத்தி யாராக இருந்தாலும், இந்த வரலாறு ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறது. சீ என்றால் சீ என்றே எழுதுங்கள். தூ என்று துப்பினால் அதையும் எழுதுங்கள். மரியாதைக் குறைவு என்று அதை முதலில் அடித்துவிட்டால், அந்த மனிதருக்கு எது பொறுக்கவில்லை, எதற்கு எதிராக அவர் நின்றார் என்ற செய்தியும் அதோடு போய்விடும்.

அடுத்த பகுதியில்: ஜான்சனும் அவருடைய ஆறு உதவியாளர்களும் கஃப் சதுக்க வீட்டின் மேல்மாடியில் அகராதியை உருவாக்கிய ஆண்டுகள்.

(தொடரும்)